மூன்றாவது குழாய்

அன்று ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: என் மகள், அவளுடைய பேராசிரியர், கண்ணாடிச் சாமான் கழுவும் அம்மாள், மருந்துக்கடை வைத்திருக்கும் என் சம்பந்தி, நான். தானும் இருந்ததாகச் சொல்லித் திரியும் என் தம்பி, வாசலில் காவலாளியோடு பேசிக்கொண்டு நின்றவன்.

மகள் செய்வது கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள்கள். உடம்பெல்லாம் துளை. துளைக்குள் மருந்து, வாயில் ஜெலட்டின் மூடி. புற்றுக்கட்டியில் மிகுதியாக இருக்கும் ஒரு என்சைம் அந்த மூடியை அரித்தால்தான் மருந்து வெளியே வர வேண்டும். சோதனைக்கு மருந்துக்குப் பதில் சிவப்புச் சாயம். போன மாதம் என்சைம் சேர்க்கும் முன்பே தண்ணீர் சிவந்துவிட்டது. "மூடி ஒழுகுது" என்று பேராசிரியர் சொன்னது, சம்பந்தியின் கடை வழியாகச் சொந்தபந்தம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு முறை ஒழுகினால் இந்த ஆராய்ச்சியையே நிறுத்திவிடுவதாகப் பேராசிரியரின் முடிவு. ஆகவே, அனுமதி வாங்கி, சம்பந்தியை நானே அழைத்துப் போனேன்.

பிழை மூடியில் இல்லை. துகள்களின் மேலே ஒட்டிய சாயத்தை மகள் மூன்றே முறை கழுவியிருந்தாள். இம்முறை தண்ணீர் தெளியும்வரை பதினொரு முறை கழுவினாள்.

மூன்று குழாய்கள். அடியில் துகள்கள் வண்டலாகப் படிந்திருந்தன. ஒன்றில் வெறும் தண்ணீர், அடுத்ததில் கொதிக்கவைத்துச் செயலிழக்கச் செய்த என்சைம், மூன்றாவதில் நல்ல என்சைம். பேராசிரியரே ஊற்றினார். கால் மணி நேரம் ஆயிற்று. மூன்றும் தெளிவாகவே இருந்தன.

"என்ன சம்பந்தி, போன தடவை தொறந்த வீடு. இந்தத் தடவை சாவியே தொலைஞ்சுபோச்சா?" என்றார் சம்பந்தி.

"பொறுங்க" என்றேன்.

மகள் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். "சார், மேசை மேலயே வச்சிட்டீங்க. ஏசிக் குளிர்ல என்சைம் தூங்கும். உடம்புச் சூடு வேணும்."

"வெந்நீர்த் தொட்டி சும்மாத்தானே கெடக்கு" என்றார் கழுவும் அம்மாள். "காலையிலேர்ந்து முப்பத்தேழுல வச்சிருக்கேன். யாரு கேக்குறா?"

மகள் மூன்றையும் தொட்டியில் இறக்கினாள். மூன்றாவதன் அடியிலிருந்து நூல்போலச் சிவப்பு எழும்பியது. பத்து நிமிடத்தில் குழாய் முழுக்கச் சிவந்தது. மற்ற இரண்டிலும் ஒரு பொட்டு நிறம் இல்லை.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஒழுகலம்மா. நான் சொன்னது தப்பு. நாளைக்கே நிஜ மருந்தோட ஆரம்பி."

"எங்க வீட்டு மருமகளாச்சே" என்றார் சம்பந்தி.

"போன மாசம் யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டேன்.

நான் குழாயைக் குலுக்கியதால்தான் நிறம் வந்தது என்று இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. நான் குழாயைத் தொடவில்லை. உள்ளே போனது முதல் வெளியே வரும்வரை என் இரு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.