கொம்புக்கு அடித்த நீலம்

ஆற்றுத் திருவிழாவுக்கு மணலூர்பேட்டையே பெண்ணையாற்று மணலில் இறங்கியிருந்தது. பெண்கள் கபடி இறுதி ஆட்டம் இதோ தொடங்குகிறது என்று மைக் செட் அலறியது. ஜெயித்தால் மாவட்டத் தேர்வுக்குப் போகலாம். ஆனால் இலக்கியாவின் அணி இன்னும் களத்துக்கே வரவில்லை. எங்கே வருவது, பிரவீன்குமார்தான் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறானே!

அவன் சிலீர் சோடா கம்பெனியின் ஆள். போன மாதம் இதே பெண்களை வைத்து, "பெண்ணே, களம் உனது!" என்று விளம்பரம் எடுத்தார்கள். மார்பில் கம்பெனி பெயர் போட்ட சட்டையும் தந்தார்கள். அரைக்கால் சட்டையில் பெண்களைக் காட்டி சோடா விற்பதா என்று ஒரு கட்சிக்காரர்கள் குதித்தார்கள். சிலீரைப் புறக்கணிப்போம் என்று சுவரெல்லாம் போஸ்டர். பஸ் ஸ்டாண்டில் சோடாவை ரோட்டில் ஊற்றிய கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் வேறு யாருமில்லை, இலக்கியாவின் சொந்தச் சித்தப்பா வெங்கடேசன். கம்பெனி பயந்துபோனது. அனைவரின் உணர்வுகளையும் மதிக்கிறோம் என்று அறிக்கை விட்டு, விளம்பரத்தைத் தூக்கிவிட்டது. அந்த அனைவரில் இந்தப் பெண்கள் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

"மேலிடத்து உத்தரவும்மா. கம்பெனி பேரு எந்தப் போட்டோவுலயும் வரக்கூடாது. இந்தச் சட்டையோட எறங்காதீங்க," என்றான் பிரவீன்குமார்.

"அப்ப இன்னாத்த போட்டுக்கினு ஆடறது? ஒரே கலர்ல நம்பர் போட்ட சட்டை இல்லன்னா நடுவர் உள்ளயே வுட மாட்டாரு சார்!" என்றாள் இலக்கியா.

"அதுக்கு நான் இன்னாம்மா பண்றது?"

இலக்கியாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அந்த நேரம் பார்த்து வெங்கடேசன் வந்து சேர்ந்தார்.

"இன்னா சித்தப்பா, இப்ப சந்தோஷமா?"

"நான் சோடாவத்தான வேணாம்னேன்? எங்கூட்டுப் பொண்ண காட்டி எவனோ யாவாரம் பண்றான்னு கோவம். ஒன்ன ஆட வேணாம்னு எப்ப சொன்னேன்?"

"கோவம் அவங்க மேல. ஆட்டம் போவறது எங்களுக்கு!"

அவருக்கு முகம் செத்துவிட்டது.

"ஏய், சட்டைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போட்டுக்கலாம்டி!" என்றாள் அஸ்ரின், அணியில் இலக்கியாவின் ஜோடி.

"நம்பரு?"

வெங்கடேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் மாட்டுவண்டியைப் பார்த்து ஓடினார். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்த நீலப் பெயிண்டில் மிச்சம் அங்கே டப்பாவில் கிடந்தது. அவர் டப்பாவைப் பிடித்துக்கொள்ள, அஸ்ரின் விரலாலேயே ஒவ்வொரு முதுகிலும் நம்பர் எழுதினாள். காயவைக்க ஏது நேரம்? விசில் ஊதிவிட்டார்கள்.

எதிரணி திருநாவலூர். அம்மாடி, அது ஆட்டமா, யுத்தமா! கடைசி ரெய்டுக்கு இலக்கியா போகும்போது அவள் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. "கபடி கபடி" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். பின்னாலிருந்து எத்தனையோ கைகள் சட்டையை இழுத்தன. திமிறினாள், விழுந்தாள், விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டாள். புழுதி அடங்கியபோது திருநாவலூர்ப் பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள்.

"யாருமே தொடல சார்! அவளாத்தான் வுழுந்தா!"

புழுதியில் நடுவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தொடவில்லை என்றால் புள்ளி இல்லை, தோல்விதான். இலக்கியா எழுந்தாள். முதுகில் ஏதோ பிசுபிசுத்தது. தடவிப் பார்த்தாள். நம்பர் இருந்த இடத்தில் வெறும் ஈரக் கோலம்.

"சார்! சட்டையத் தொட்டாலும் தொட்டதுதான? அவங்க கைய நீட்டச் சொல்லுங்க சார்!"

பின்னால் மறைத்த கைகள் மெதுவாக முன்னால் வந்தன. மூன்று பேர் உள்ளங்கையில் பளீரென்று நீலம்! நடுவர் மூன்று விரலைத் தூக்கினார். ஆறே அதிர்ந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்த வெங்கடேசன் அண்ணன் மகளை அப்படியே தூக்கிக்கொண்டார். அவருடைய வெள்ளைச் சட்டையும் நாசம்.

"வுடு சித்தப்பா, கூச்சமா இருக்கு!" என்று சிரித்துக்கொண்டே அழுதாள்.

பிரவீன்குமார் மூச்சிரைக்க வந்தான். "ஆட்டத்த எவனோ போன்ல புடிச்சுப் போட்ட வீடியோ பிச்சுக்கினு போவுதும்மா! மேலிடத்துல பேசிட்டேன். சட்டைய நேராப் போட்டுக்கினு வாங்க, ஒரே ஒரு போட்டோ. சிலீர் என்னைக்கும் பெண்கள் பக்கம்னு போட்டுடலாம்!"

இலக்கியா அஸ்ரினைப் பார்த்தாள். அஸ்ரின் மற்றவர்களைப் பார்த்தாள்.

"எடுத்துக்கங்க சார்," என்றாள் இலக்கியா.

அவன் போனைத் தூக்கினான். பெண்கள் தோளோடு தோள் கோத்துக்கொண்டு, நீலம் வழியும் முதுகை அவனுக்குக் காட்டி நின்றார்கள்.