இரண்டு மரத்துக்கும் ஒரே பெயர்

விடிந்தால் அண்ணன் டொனகா அமெரிக்காவுக்குக் கப்பலேற வேண்டும். நான் கோடாலியோடு கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினேன். புனிதரின் மரம் நின்ற இடத்தில் குழிதான் இருந்தது.

இங்கிலீஷ் துரைக்கு அது ஆஷ் மரம். அந்தப் பெயருக்கு ஆதியில் ஈட்டி என்று பொருளாம், ஃபாதர் லோனர்கன் சொல்வார். எங்கள் பாஷையில் நாங்கள் ஃபின்ஷோக் என்போம். பந்தாடும் பையன்களைக் கேட்டால் ஃபின்ஷோக் என்றால் மட்டை. எங்கள் ஊர் கில்மோராவில் மட்டும் அதற்குக் கரை சேர்வது என்று அர்த்தம். புனிதரின் கல்லறையில் வளர்ந்த ஃபின்ஷோக்கின் சில்லு சட்டையில் இருந்தால் ஆளைக் கடல் கொள்ளாது. பஞ்சத்துக்குப் பின் கப்பலேறியவர்கள் ஆளுக்கொரு சில்லாக வேர்வரை கொண்டுபோய்விட்டார்கள்.

திரும்பும் வழியில் ஓடையோரம் இன்னொரு ஃபின்ஷோக். மாடுகள் முதுகு தேய்க்கும் மரம்.

ஒரே வெட்டு. ஒரு சில்லு.

"யாருடி குடுத்தா?" என்றான் டொனகா.

"ஃபாதர் எடுத்து வெச்சிருந்தாரு. கெஞ்சி வாங்கினேன்."

"நீயா கெஞ்சினே? மெரட்டியிருப்பே."

சிரித்தான். சில்லை அவன் கோட்டின் உள்துணியில் வைத்துத் தைத்தேன். "இனிமே கப்பல் முழுகினாலும் நான் நடந்தே போயிடுவேன், சிபீல்."

கப்பல் முழுகியது. அக்டோபரில் செய்தி வந்தது. நவம்பரில், பிழைத்த ஒருத்தியின் கடிதம். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஃபாதர்தான் வாசித்தார்.

"படகில் ஓர் இடம்தான் மிச்சம். அது உங்கள் அண்ணனுடையது. 'எங்கிட்ட ஃபின்ஷோக் இருக்கு, நீ ஏறும்மா' என்று என்னையும் குழந்தையையும் ஏற்றிவிட்டார். உங்கள் ஃபாதர் கொடுத்த சில்லாமே..."

ஃபாதர் நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நான் எப்பம்மா குடுத்தேன்?"

ஜன்னல் வழியே ஓடைப் பக்கம் கை காட்டினேன். அவர் அந்த மரத்தை எட்டிப் பார்த்தார். பிறகு மிச்சத்தை மெல்ல வாசித்தார்.

"என் வீட்டுக்காரர் வசந்தத்தில் கப்பலேறுகிறார். அதே மரத்தில் ஒரு சில்லு அனுப்புவீர்களா?"

மைக்கூட்டைத் திறந்தார். "என்ன எழுதட்டும்?"

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பசு அந்த மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. நான் வெட்டிய இடம் இங்கிருந்தே வெள்ளையாகத் தெரிந்தது.

"மரம் தீந்துபோச்சுன்னு எழுதுங்க, ஃபாதர்."