ஒரே பெல்ட், இரண்டு பெட்டி

எழுந்தான். பல் தேய்த்தான். முட்டையை வேகவைத்து, நின்றபடியே தின்றான். சட்டையில் காலருக்கு மட்டும் இஸ்திரி போட்டான். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

மூச்சிரைப்புக்காரர்கள் மருந்தை ஆவியாக இழுக்கும் நெபுலைசர் மெஷின் செய்கிற கம்பெனி அது. அவன் அங்கே பரிசோதகன். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, சுவிட்சைத் தட்டி, புகை சீராக வருகிறதா என்று பார்த்து, அடியில் தன் ஏழாம் நம்பர் முத்திரையைக் குத்துவான். மெஷின்கள் நகர்ந்து வரும் பெல்ட்டின் கடைசியில், அவற்றில் பாதி உள்ளூர்ப் பெயர் போட்ட பெட்டிக்குள் போகும். மீதி, வெளிநாட்டுப் பெயர் போட்ட பளபளப்பான பெட்டிக்குள்.

மனைவிக்கு உள்ளூர்ப் பெட்டியில்தான் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தான். அவள் போய்ச் சேர்ந்ததிலிருந்து மாமியார் அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாள்.

அன்று சாயங்காலம் மாமியார் வீட்டுக்குப் போனான். வெளிநாட்டிலிருந்து மச்சான் வந்திருந்தான். அம்மாவுக்கும் இரைப்பு உண்டு என்று புது மெஷின் ஒன்று கொண்டுவந்திருந்தான்.

“தொட்டுப் பாருங்க மாப்பிள்ளை. வழவழன்னு இருக்கு. வெளிநாட்டுச் சாமான்னா சும்மாவா?”

புரட்டிப் பார்த்தான். அடியில் ஏழு.

“அத்தை, இது எங்க கம்பெனில செஞ்சது.”

மச்சான் சிரித்தான். “நான் வந்த விமானமும் நீங்க செஞ்சதுதானா மச்சான்?”

“ஏழாம் நம்பர் நான்தான். பாருங்க.”

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

“அவங்களுக்குன்னா பாத்துப் பாத்துச் செய்வீங்க. நமக்குக் கழிச்சுக்கட்டினதுதானே?”

“ஒரே பெல்ட்டு அத்தை. பெட்டிதான் வேற.”

“பெட்டிக்கா இவ்ளோ விலை குடுக்கிறான்? வெளிநாட்டுக்காரன் என்ன இளிச்சவாயனா?”

சுவரோடு பேசுவதுபோல் இருந்தது.

“டாக்டர் சொன்னாரே அத்தை. அவ நுரையீரல்ல ரத்தம் கட்டி அடைச்சிடுச்சு. எந்த மெஷின் இருந்தும் ஒண்ணும் ஆகியிருக்காது.”

“டாக்டர் ஆயிரம் சொல்வாரு. மெஷின் சரியில்லன்னு அவ வாயாலயே சொன்னாளாமே. ஊரே பேசுது.”

“யாரு சொன்னா? கடைசில கூட இருந்தது நான் மட்டும்தான்.”

“அப்ப நீங்களே சொல்லுங்க. என்னதான் சொன்னா என் பொண்ணு?”

இதுவரை யாரும் அவனிடம் இப்படி நேராகக் கேட்டதில்லை.

“அன்னிக்கு லிஃப்ட் ஓடல. ஆஸ்பத்திரிக்குப் போக அவளைத் தூக்கிக்கிட்டுத்தான் படியில இறங்கினேன். பேட்டரியில ஓடுற மெஷின், அவ மடியிலயே இருந்துச்சு. பாதிப் படியில அவ உதடு நீலமாயிடுச்சு. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு அத்தை. பாழாப்போன மெஷின், வெளிநாட்டுப் பெட்டியிலயே வாங்கியிருக்கலாம்னு. தினமும் சோதிக்கிறவன் நான். எனக்கே தோணுச்சு. அவளைப் படியில உக்கார வச்சு, மெஷினைப் பிடிச்சு உலுக்கினேன், திட்டினேன்.”

மாமியார் கண்ணாடியைக் கழற்றவில்லை.

“அவ முகமூடிய விலக்கிட்டு என்னையே பாத்தா. லேசா சிரிச்சா. ‘மெஷின் நல்லாத்தான் ஓடுது. உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது’ன்னா.”