றொஹானின் சுகத்துக்காக

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. வெள்ளவத்தையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் என் முறைக்காகக் காத்திருந்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல்: "போன ஞாயிறும் அவனுக்குப் பூசை குடுத்தனான், மகள். செத்தவன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

"கொட்டாஞ்சேனையில் மழை விட்டும் விடாமலும்..." வேண்டாம். மழையில் தொடங்கினால் கூரை ஒழுகுவதை முன்கூட்டியே ஊகித்துவிடுவீர்கள்.

அந்தக் குரலுக்கு நான் வைத்த பெயர் பிறிஜெற்; அவள் அண்ணன் பேர்னாட் மாசியில் காலமானார். கலியாணம் கட்டவில்லை, மரணசாசனம் எழுதவில்லை. இந்தத் தொடக்கம் நிற்கும்.

[எனக்குப் பிடித்த இடம், பொறுத்துக்கொள்ளுங்கள். மனைவி, பிள்ளை, பெற்றோர் இல்லாதவரின் சொத்து கூடப்பிறந்தவர்களுக்குப் போகும். ஆகவே பேர்னாட்டின் கொட்டாஞ்சேனை வீடு பாதி பிறிஜெற்றுக்கு, பாதி தம்பி றொஹானுக்கு. றொஹான் தொண்ணூற்றாறில் கப்பலேறினான். இரண்டு கடிதம் வந்தது, அதோடு சரி. அதற்கும் சட்டத்தில் வழியுண்டு: செய்தி தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே நெடுங்காலம் செய்தி இல்லையென்றால், அவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் கொள்ளலாம். அப்படியென்று அக்கா சத்தியக்கடதாசி கொடுக்கவேண்டும்.]

கொடுத்தால் வீட்டின் உறுதிப்பத்திரம் அவள் பேருக்கு வரும். அது வந்தால்தான் கூரை திருத்தக் கடன்.

3

றொஹானை முதலில் குடிகாரனாக எழுதினேன். அடித்துவிட்டேன்; பிறிஜெற் கோபித்திருப்பாள். அவள் மனதில் அவன் இன்னும் மதிலில் ஏறி நிற்கிறான். துறைமுகத்தில் சங்கு ஊதினால் எந்த நாட்டுக் கப்பல் என்று சொல்லுவான். "இறங்கடா, தேத்தண்ணி ஆறுது" என்று அம்மா கத்துவா. அவன் சொன்னது சரியா என்று ஒருவரும் போய்ப் பார்த்ததில்லை.

4

உறவை நிரூபிக்க எழுத்தில் ஏதும் இருந்தால் கொண்டுவரச் சொன்னாள் சட்டத்தரணி சாமினி. பிறிஜெற் ஒரு பை நிறைய, தேவாலயத்தில் பூசைக்குக் காசு கட்டும்போது கொடுக்கும் துண்டுகள் கொண்டுவந்தாள்.

"அன்ரி, எல்லாத்திலயும் 'றொஹானின் சுகத்துக்காக' எண்டு இருக்கு."

"ஓம். கீழ பாருங்கோ, 'கொடுத்தது சகோதரி' எண்டு ஃபாதர் எழுதியிருக்கிறார்."

"சுகத்துக்குப் பூசை உயிரோட இருக்கிறவைக்குத்தானே? இதைக் காட்டினா உங்கட கேஸை நீங்களே தோக்கடிச்சிடுவீங்கள்."

"அப்ப ஆத்மசாந்திக்குக் குடுக்கிறதோ? அவன் கேள்விப்பட்டா என்னைக் கொல்லுவான்!"

சாமினி சிரித்துவிட்டாள். பிறிஜெற்றும் சிரித்தாள், பிறகு துண்டுகளைத் திகதி பார்த்து அடுக்கத் தொடங்கினாள்.

5

கந்தோருக்கு அடுத்த கடை ஸாலிஹ், சத்தியக்கடதாசிகளை உறுதிப்படுத்தும் சமாதான நீதவான். முத்திரையோடு வந்தார்.

[இந்துவும் பௌத்தரும் முஸ்லிமும் சத்தியம் செய்யாமல் உறுதிமொழி மட்டும் சொல்வார்கள். கிறிஸ்தவர் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்வார்.]

"ஸாலிஹ் நானா, நானும் உங்கட ஆக்கள் மாதிரி உறுதி சொல்லலாமோ? பிழையெண்டா பாவம் கொஞ்சம் குறையும்."

"பாவத்தப் பத்தி எனக்குத் தெரியா மிஸ். சட்டத்துக்கு ரெண்டும் ஒண்டுதான்."

பிறிஜெற் பேனாவை வாங்கினாள். வாங்கி,

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கூரை புதிது. ஒன்றில் அவள் எழுந்து போகிறாள். மூன்றாவதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. கடதாசியில் கடைசிக் கோடு காலியாக இருக்கிறது. உங்கள் கூடப்பிறந்த ஒருவரின் பெயரை, "இறந்துவிட்டார்" என்ற சொல்லுக்கு முன்னால் ஒருமுறை எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால், அவளும் கையெழுத்திட்டாள்.