சம்பந்தியம்மாவிடம் நேராக

நான் பத்து வாக்கியம் பேசினால் என் மகன் அதை மூன்று வார்த்தையில் முடித்துவிடுவான். அந்தப் பக்கம் சம்பந்தியம்மா மூச்சுவிடாமல் பேசினால் என்னிடம் “நல்லா இருக்காங்களாம்” என்று வந்து சேரும். முப்பத்தொரு வருடம் தொலைபேசி நிலையத்தில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சை இணைத்துவிட்டவள் நான். எவ்வளவு போகிறது, எவ்வளவு வந்து சேர்கிறது என்பது எனக்குத் தெரியாதா? மகனுக்கு அவன் மனைவியின் செக் மொழி சரளம். எனக்கு வேலையில் பழகிய ஆங்கிலம் உண்டு. சம்பந்தியம்மாவுக்கோ செக்கைத் தவிர வேறெதுவும் வராது. கல்யாணமாகி மூன்று வருடமாக நாங்கள் இருவரும் அவன் தயவில்தான் உறவு கொண்டாடினோம்.

மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த வாரமே இணையத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். ஆங்கிலம் தெரிந்த பெரியவர்களுக்கான ஆரம்பப் பாடம். டீச்சருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். முதல் நாளே ஒரு எழுத்தைக் கொடுத்தாள். ‘ர’வும் ‘ஷ’வும் ஒரே வாயில் ஒரே நேரத்தில் வர வேண்டுமாம். நான் முயன்றுகொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, மிக்ஸியில் ஏதாவது மாட்டிக்கொண்டதா என்று கேட்டுவிட்டுப் போனார். அறுபத்திரண்டு வயதில் இதெல்லாம் வேண்டாத வேலை என்பது அவர் கட்சி. ஒரு மாதம் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு தடுமாறினேன். செக்கில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் இடத்துக்குத் தகுந்தபடி வால் மாறும். ‘வீட்டை, வீட்டுக்கு, வீட்டில்’ என்று பேசியே வளர்ந்தவளுக்கு இதில் என்ன பயம் என்று ஒருநாள் உறைத்தது. அன்றோடு ஆங்கிலத்தைக் கைகழுவிவிட்டுத் தமிழ் வழியாகவே உள்ளே இறங்கினேன். வகுப்பில் இருந்த மற்றவர்கள் முழிக்க, நான் மட்டும் மளமளவென்று எழுதித் தள்ளினேன்.

மருமகளுக்கு ஏழாம் மாதம். மகனும் சம்பந்தியம்மாவும் நானும் ஆளுக்கொரு ஊரிலிருந்து வீடியோவில் பேசினோம். பிரசவத்துக்கு மகன் வீட்டுக்கு நான் போவதாக ஏற்பாடு. சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி, வரமாட்டார் என்று மகன் சொல்லியிருந்தான். அன்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே நீளமாக ஏதோ சொன்னார். அதில் இரண்டு சொற்கள் என் காதில் பளிச்சென்று விழுந்தன. ‘வேண்டும்.’ ‘வர.’ மகன் என்னிடம், “நீ நல்லபடியா போய்ட்டு வரணும்னு சொல்றாங்கம்மா” என்றான்.

பிறகு மகனை மட்டும் போனில் தனியாகப் பிடித்துக் கேட்டேன். கொஞ்சம் மழுப்பிப் பார்த்தான். பிறகு உண்மை வந்தது.

“வீடு சின்னதும்மா. ரெண்டு பேரும் வந்தா நாள் பூரா நடுவுல நின்னு நான்தான் பேசணும். உனக்கு யார்கூடயும் ரூம்ல படுத்தா தூக்கம் வராதுன்னு அவங்ககிட்ட மூணு மாசம் முன்னாடியே சொல்லிட்டேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகளின் முதல் பிரசவம். அதற்கு வர வேண்டாம் என்று ஒரு தாயைத் தடுத்துவிட்டான், அதுவும் என் பெயரைச் சொல்லி. மூன்று மாதமாக அந்த அம்மாள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்? கத்தவில்லை. “அவங்க நம்பரைக் குடு” என்றேன். தானே பேசிச் சரி செய்வதாகக் கெஞ்சினான். நீ சரி செய்த வரைக்கும் போதும் என்று சொல்லி நம்பரை எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலை குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு போன் செய்தேன். குரல் மட்டும்தான் கேட்கப்போகிறது, புடவை எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டதைக் காதில் வாங்கவில்லை. எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் முதலில் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகுதான் பதில். பதற்றத்தில் அந்தப் பழக்கம் தானாக வந்துவிட்டது. சம்பந்தியம்மா “தோப்ரீ தென்” என்று வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். யார் என்று கேட்டார். நானும் யார் என்று கேட்டேன். கேட்கிறதா என்றார். கேட்கிறதா என்றேன். டொக்கென்று வைத்துவிட்டார்.

வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐந்து மாதப் பாடம் அரை நிமிடத்தில் மண்ணாகிப் போனதே. மூக்கைச் சிந்திவிட்டு, இந்தத் தடவை வீடியோவில் அழைத்தேன். திரையில் என்னைப் பார்த்ததும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு போனைத் தட்டிக் காட்டி, தன் குரலே திரும்பத் திரும்பக் கேட்டதால் லைன் கெட்டுவிட்டது என்று நினைத்ததாகச் சைகையில் சொன்னார். இருவரும் சிரித்தோம். அவருடைய சிரிப்புச் சத்தத்தை அன்றுதான் முழுதாகக் கேட்டேன். இத்தனை நாள் அதன் மேல் மகன் பேசிக்கொண்டிருப்பான்.

“பொமலு, ப்ரோசீம்” என்றேன். மெதுவாக, தயவுசெய்து. அவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். நான் அவருடன் தங்கப் பிரியப்படவில்லையாமே என்றார். எங்கே தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று அதை மட்டும் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். ஆமாம் என்று தலையசைத்தார்.

“பொய்” என்றேன் செக்கில். அடுத்து ‘வாங்க’ என்ற சொல்லில்தான் அந்த ‘ர-ஷ’ எழுத்து. நாக்கு சுழன்றது, எழுத்து விழுந்தது, எதுவும் மாட்டிக்கொள்ளவில்லை. “நீங்க வாங்க. நானும் வரேன். ஒரு ரூம். ரெண்டு கட்டில்.”

வால்கள் சரியாக மாறினவா என்று எனக்குத் தெரியாது. அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், விரலிடுக்கு வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே. எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தையே ஜெயித்துவிட்டது போலிருந்தது. பத்தொன்பது நிமிடம் பேசினோம். இடையில் ஒருவரும் இல்லை. வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

திடீரென்று சம்பந்தியம்மா எழுந்து போய் இரண்டு போர்வைகளை அள்ளிக்கொண்டு வந்தார். ஒன்றொன்றாகத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டார். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. கனமானதைத் தூக்கியபோது தலையாட்டி வைத்தேன். அவர் அதை மடித்து, கட்டில் மேல் ஏற்கெனவே திறந்து கிடந்த பயணப் பெட்டிக்குள் திணித்தார். மூட வரவில்லை. அமுக்கிப் பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.