ஞாயிற்றுக்கிழமை இழுக்க வேண்டிய வயர்

அலுவலகம் அலுவலகமாகப் போய் வைஃபை அமைத்துக் கொடுக்கும் அக்காவுக்கு, அன்று சொந்த வீட்டில் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. உள் அறையில் தங்கை லேப்டாப் முன் உட்கார்ந்து நேர்முகத் தேர்வுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக வேலையில்லாமல், சாப்பிடக் கூப்பிட்டால்கூட முகம் கொடுக்காதவள். இதுவும் கைநழுவினால் என்ன ஆவாளோ?

கதவுக்கு அந்தப் பக்கம் தங்கையின் குரல் உயர்ந்தது. "சார், கேக்குதா? சார்?"

அக்கா தன் போனில் பார்த்தாள். தங்கைக்குப் பக்கத்திலேயே ஒரு வைஃபை பெட்டி இருக்க, லேப்டாப் தூரத்தில் கூடத்துப் பெட்டியையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, எதைப் பிடிப்பது என்று லேப்டாப்பைக் குழப்பிவிட்ட புண்ணியவதி அக்காதான். கூடத்துப் பெட்டியை அணைத்தால் லேப்டாப் தானாகப் பக்கத்துப் பெட்டிக்குத் தாவிவிடும். கை சும்மா இருக்குமா? ஸ்விட்சைத் தட்டினாள்.

உள்ளே பேச்சு அடியோடு நின்றது.

அப்புறம்தான் உறைத்தது. அறைப் பெட்டிக்கு வயர் இழுக்கவே இல்லை. அதுவும் கூடத்துப் பெட்டியிடம்தான் காற்றில் இணைப்பை வாங்கிப் பிழைக்கிறது. "வயர் இழுக்காம பெட்டிய மட்டும் கூட்டாதீங்க" என்று ஊரையெல்லாம் திட்டுகிறவள், தன் வீட்டுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தாள். 'உனக்கெல்லாம் எதுக்குடி இந்த வேலை' என்று தன்னையே வைதபடி ஸ்விட்சைப் போட்டாள். பெட்டி ஒவ்வொரு விளக்காக மினுக்கி, சாவகாசமாகச் சோம்பல் முறித்தது.

வேலைப் பையிலிருந்து நீள வயரை உருவி, ஒரு முனையைக் கூடத்துப் பெட்டியில் செருகி, மறுமுனையோடு உள்ளே ஓடினாள். தங்கைக்குக் கண் நிறைந்திருந்தது.

"என்னக்கா பண்ணின?"

"ஸ்விட்ச அணைச்சிட்டேன்டி. அப்புறம் திட்டு. மொதல்ல இத லேப்டாப்புல மாட்டு."

கூடத்தில் பச்சை விளக்கு எரிந்ததும் திரையில் படம் வந்தது. அக்கா வெளியே வந்து, கதவு வயரை நசுக்கிவிடாமல் கையால் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"திடீர்னு காணோமே, என்னம்மா ஆச்சு?" என்று லேப்டாப்பில் ஒரு குரல் கேட்டது.

சொல்லிவிடுவாள், சொல்லட்டும் என்று அக்கா காத்திருந்தாள்.

"மன்னிச்சிடுங்க சார். என் கை பட்டு ஸ்விட்ச் அணைஞ்சிடுச்சு. எங்க அக்காதான் ஓடிவந்து சரி பண்ணாங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கதவைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.