பறவை இல்லாத மூலை

முதலாளி கை குலுக்குவதற்காகக் கையை நீட்டினார். மாஸ்டர் தன் வலது கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை; தலையை மட்டும் லேசாக அசைத்தார். பக்கத்தில் நின்ற மாஸ்டரின் மனைவி முதலாளியின் முகத்தையே பார்த்தாள். ஆனால் முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை. பெரிய கலைஞர்கள் கொஞ்சம் மிடுக்காகத்தான் இருப்பார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருப்பார் போல. அவர் முகத்தில் ஒரு திருப்திகூடத் தெரிந்தது. நீட்டிய கையால் எதிரே இருந்த வெற்றுச் சுவரைத் தட்டிக் காட்டி, "இது முழுக்க உங்களுக்குத்தான் மாஸ்டர். ஓட்டலுக்குள்ள வர்றவன் பெட்டியக் கீழ வைக்க மறந்து நிக்கணும்" என்றார்.

பைக்குள் இருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. அது அவளுக்கு மட்டுமே தெரியும். முதலில் டம்ளரில் தண்ணீர் தளும்பியது. பிறகு சட்டைப் பொத்தான்கள் படுத்த ஆரம்பித்தன. இந்த நடுக்கம் போகாது, மெதுவாக வளரும்படி வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். மாஸ்டர் அந்த 'மெதுவாக'வை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போய் நீலக் கண்ணாடி வாங்கி வந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து அவருடைய மொசைக் சுவர்ப்படங்களுக்கு அவள்தான் கண்ணாடிச் சில்லு வெட்டினாள். அவர் வரைவார், நிறம் சொல்வார், சுவரில் பதிப்பார். அவள் குறடால் கண்ணாடியை நறுக்கித் தட்டில் நிறவாரியாக அடுக்குவாள், பசை குழைப்பாள், வேலை முடிந்ததும் ஈரத் துணியால் துடைப்பாள். வீட்டுக்கு யாராவது வந்தால், "இவதான் எனக்கு வலது கை" என்று சிரித்துக்கொண்டே அறிமுகப்படுத்துவார். வந்தவர்களும் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள்.

ஓட்டல் சுவருக்கான படத்தை அவர் முன்பே வரைந்து வைத்திருந்தார். ஏரியிலிருந்து எழும்பும் ஒரு பெரிய பறவைக் கூட்டம். எல்லாம் ஒரே திசையில், வாசலைப் பார்த்து. முதல் நாள் அவரே சாரத்தில் ஏறினார். சோப்புத் துண்டுபோலச் சில்லு விரல்களிலிருந்து வழுக்கியது. ஒட்டியவையும் கோணின. அன்று பகல் முழுக்கப் பதித்ததைச் சாயங்காலம் பூச்சுக் கரண்டியால் அவரே வழித்துத் தள்ளிவிட்டு இறங்கினார். ஓரமாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கீழே விழுந்தவற்றைப் பொறுக்கி வாளியில் கழுவினாள். மறுநாள் காலையில் அவள் சாரத்தில் ஏறினாள். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

தூசி பறக்காமல் இருக்க சாரத்தைச் சுற்றித் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அது வசதியாகப் போயிற்று. திரைக்கு வெளியே தச்சர்களும் மின்வேலைக்காரர்களும் மாஸ்டர் உள்ளே மூச்சுவிடாமல் வேலை செய்வதாக நினைத்துக்கொண்டு நடந்தார்கள். உள்ளே அவர் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாராவது திரையை விலக்கினால் அவள் கையைத் துடைத்துக்கொண்டே ஒதுங்குவாள். அவர் எழுந்து, தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்ப்பார். அந்த நாடகத்துக்கு அவர்கள் ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில் படிந்துபோன பழக்கம்.

ஓட்டலின் அலங்காரங்களைப் பார்த்துக்கொண்ட பெண் ஒருநாள் உள்ளே வந்து, அப்போதுதான் பதித்திருந்த சிறகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மாஸ்டர் கை என்றால் மாஸ்டர் கைதான் என்றாள். அவர் தலையசைத்து அதை வாங்கிக்கொண்டார். மாஸ்டரின் மனைவி சாரத்துக்குப் பின்னால் குனிந்து பசை குழைத்துக்கொண்டிருந்தாள். முதலில் திருட்டுத்தனமான ஒரு சந்தோஷம் வந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் அது புளித்துவிட்டது.

"ஒரு நாளாவது நல்லாருக்கு, நல்லா இல்லன்னு வாயத் தொறந்து சொல்லலாமில்ல?" என்று கேட்டாள். "உங்க பேர் கெட்டுப்போயிடக் கூடாதுன்னுதானே இந்தப் பாடு படுறேன்."

அவர் மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அது கைதவறிக் கட்டிலுக்கடியில் உருண்டது. "என் பேருக்கு நீ பிச்சை போடுறியா?" என்றார்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

படத்தின் இடது கீழ் மூலையில் அவர் எதுவும் வரைந்திருக்கவில்லை. 'தண்ணீர்' என்று மட்டும் எழுதியிருந்தார். இப்படிப்பட்ட இடங்களை ஒரே நீலத்தில் தட்டையாக நிரப்பிவிட்டு நகர்வதுதான் அவர் வழக்கம். அவள் அங்கேயே நின்றுவிட்டாள். பறவைகள் எல்லாம் கிளம்பிய பிறகு தண்ணீர் என்ன செய்யும் என்று யோசித்தாள். அவர் கழித்துப் போட்டிருந்த கண்ணாடிகளைக் கிளறி, கரும்பச்சை, புட்டிப் பழுப்பு, புகை படிந்தது போன்ற சாம்பல் நிறங்களைப் பொறுக்கினாள். கால்கள் உந்திய இடத்தில் வளையங்கள் விரிவதுபோல, ஒவ்வொரு சில்லையும் ஒவ்வொரு சாய்வில் அழுத்தினாள். சில முனைகள் வெளியே துருத்தின, அப்படியே விட்டாள். கொஞ்சம் நகர்ந்து நின்றால் இருட்டுக்குள் ஏதோ புரள்வதுபோலத் தெரிந்தது. அந்த நாட்களில் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

மூலை முடிந்த அன்று அவர் எழுந்து வந்து வெகுநேரம் பார்த்தார். இடது உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். அவள் காத்திருந்தாள்.

"இந்தப் பழுப்பு எங்க கிடைச்சுது?"

"நீங்க வேணாம்னு போட்டதுதான்."

"ம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அதன்பின் திறப்பு விழா வரை அவர் ஓட்டல் பக்கமே வரவில்லை. மாஸ்டருக்குக் காய்ச்சல் என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள்.

விழாவன்று கூடம் நிரம்பியிருந்தது. விளக்குகளைப் போட்டதும் சுவர் முழுக்கச் சிறகுகள் மினுங்கின. கூட்டத்தில் ஒரு வியப்பொலி பரவியது. சுவரோரம் மாஸ்டரின் பெயர் வெட்டிய பித்தளைத் தகடு. முதலாளி அவர் தோளில் கைபோட்டு அழைத்து வந்து ஒலிபெருக்கியைக் கொடுத்தார். மாஸ்டர் அதை இடது கையால் வாங்கினார்.

"இதுல ஒரு சில்லுகூட நான் பதிக்கல" என்றார். "என் கை போயிடுச்சு. எல்லாம் என் மனைவி செஞ்சது." அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "நானா இருந்தா இப்படிச் செஞ்சிருக்க மாட்டேன்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். எவ்வளவு தன்னடக்கமான மனிதர் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் அவளிடமே சொன்னார். அவளுக்கு முகம் எரிந்தது. முன்னால் சொன்னவை காதில் நிற்கவில்லை. கடைசி வாக்கியம்தான் நின்றது. அது மெச்சியதா, கழித்துப் போட்டதா? கழித்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். இவ்வளவு நாள் ஒரு வார்த்தைக்குக் காத்திருந்ததற்கு, ஊர் கூடிய இடத்தில் வைத்துக் கொடுத்த கூலி இது.

முதலாளி சிரிக்கவில்லை. இருவரையும் அலுவலக அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். விளையாட்டுக்குத்தானே சொன்னீர்கள் என்று மாஸ்டரைக் கேட்டார். விளையாட்டு இல்லை என்றார் மாஸ்டர். முதலாளியின் நெற்றியில் வியர்வை அரும்பியது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறேன், நாளைக்குப் பத்திரிகைக்காரன் கேட்டால் என்ன சொல்வது என்று புலம்பினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. யார் செஞ்சது?"

மாஸ்டர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று பின்னால் அவள் எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள். அந்த நிமிஷத்தில் யோசிக்கவில்லை. எழுந்த கோபத்துக்கு ஒரு வழி கிடைத்தது, அவ்வளவுதான்.

"அவர்தாங்க செஞ்சார்" என்றாள். "ஒவ்வொரு சில்லும் அவர் கையால பதிச்சது. அவருக்குத் தன் வேலை எப்பவுமே பிடிக்காது."

முதலாளி பெருமூச்சுவிட்டுச் சிரித்தார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஓட்டல் காரிலேயே அவர்களை அனுப்பி வைத்தார்கள். முன்னால் ஓட்டுநர் இருந்ததால் மாஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, எதற்கு அப்படிச் சொன்னாய் என்று கேட்டார்.

"நீங்க எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"உண்மையச் சொன்னேன்."

"எது உண்மை? நான் செஞ்சேங்கிறதா, நீங்க அப்படிச் செஞ்சிருக்க மாட்டீங்கங்கிறதா?"

"ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வரை கார் மெத்தென்று போயிற்று.

பத்திரிகை அவருடைய அடக்கத்தைப் பற்றித்தான் எழுதியது. முதலாளி தன் இன்னொரு ஓட்டலுக்கும் மாஸ்டரே செய்துதர வேண்டும் என்று ஆள் அனுப்பினார். முடியாது என்று சொல்லிவிடுங்கள் என்றாள் அவள்.

"நான்தான் செஞ்சேன்னு நீதானே சொன்ன? அடுத்ததையும் நானே செஞ்சுக்கிறேன்" என்றார். அறைக்குள் காகிதத்தை விரித்துக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைப்பாள். அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

மாஸ்டருடைய சாரப் பலகைகள் இன்னும் ஓட்டலின் பின்கட்டில் கிடந்தன. அவற்றை எடுத்துவர ஒரு காலை அவள் போனாள். வரவேற்புக் கூடத்தில் துப்புரவுப் பெண் ஒருத்தி நீளக் கம்பில் துணி சுற்றிச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளை யாரென்று தெரியாமல், பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்ததுபோலச் சொன்னாள்: "மேலெல்லாம் ஒரே இழுப்புல போயிடும்மா. இந்த மூலதான் ரோதனை, துணி மாட்டுது. கை வராத ஆளு யாரோ செஞ்சிருக்காங்க."

துப்புரவுப் பெண் வாளியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அவள் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். துருத்திய கண்ணாடி முனைகளிலெல்லாம் துணியின் வெள்ளை நூல்கள் சிக்கியிருந்தன. நகத்தால் ஒன்றை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். வரவேற்பு மேசையிலிருந்து ஒரு குரல், பணிவாகத்தான், வந்தது. "மேடம், சுவரைத் தொடாதீங்க."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். எடுக்காமல் விட்ட நூல் ஒன்று, குளிர்சாதனக் காற்றில், கரும்பச்சைத் தண்ணீரின் மேல் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது.